இரண்டு சிவப்பு கேன்

அத்தியாயம் 9

பதினோராவது நாளும் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை.

வாண்டா கோவால் ஒரு பண்ணை வீட்டின் படியிறங்கி, சரளைக்கல்லை உதைத்தபடி நடந்து வந்து, க்ளியானின் பிக்கப்பில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். அந்த வண்டியில் ஏறுவதற்கே பக்கப்படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து எம்ப வேண்டும். ஐம்பத்து நாலு வயதில் ஒரு நாளைக்கு முப்பது தடவை எம்பினால் யாருக்கும் எரிச்சல் வரும்.

"என்ன சொன்னார் பாஸ்?"

"அவருக்குக் கண் சரியாத் தெரியாதாம். ரோட்டுல என்ன போகுது வருதுன்னே தெரியாதாம்."

"வாசல்ல எட்டு ஜோடி மான் கொம்பு மாட்டியிருக்கார். எல்லா மானையும் தடவிப் பார்த்துதான் சுட்டாரா?"

வாண்டா சிரிக்கவில்லை. பட்டியலில் இன்னொரு பெயரை அடித்தாள். அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் வண்டித் திருட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, தனியாக ஆபீஸ் போட்டவள் அவள். க்ளியான் பெட்வே ஃப்ளிண்ட் நகரத்தில் பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் லாரி ஓட்டியவன். நாற்பத்தோரு வயது, ஆறடி இரண்டு அங்குலம். எந்த வண்டியையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

இருவரும் தேடிக்கொண்டிருந்தது ஒரு குட்டி பிக்கப். ட்ரெஸ்காட் மோட்டார்ஸ் அதற்கு ரென் என்று ஒரு சின்னக் குருவியின் பெயரை வைத்திருந்தது. சோதனைக்காக மூன்றே மூன்று வண்டி செய்தார்கள். பிறகு திட்டத்தையே கைவிட்டு, மூன்றையும் நசுக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். ஜூலையில் மூன்றும் நசுங்கிவிட்டதாகக் காகிதம் சொன்னது. செப்டம்பரில் யாரோ ஒரு தணிக்கைக்காரர் எடைச்சீட்டைப் பார்த்தார். ரென்னின் எடை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பவுண்டு. மூன்றாவது சீட்டில் ஐயாயிரத்து நானூற்று இருபது என்று இருந்தது.

குருவிக்குப் பதிலாக வேறு ஏதோ எருமை நசுங்கியிருந்தது.

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி கெர்ரிட் ஹூக்ஸ்ட்ரா வாண்டாவிடம் வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி வேண்டும் என்றார். மூன்று மாவட்டத்தில் இருக்கும் எல்லாப் பெட்ரோல் பங்க்கிலும் வண்டியின் படம் போட்ட நோட்டீஸை ஒட்டினார். வண்டியை வடிவமைத்த இன்ஜினியர் மேல்தான் முதல் சந்தேகம். அவரோ ஒரு வருடமாகக் கொரியாவில் வேலை பார்க்கிறார். அதோடு அந்தக் கதை முடிந்தது. மிஞ்சியது ஒரே ஒரு படம். மிச்சிகன் மாநிலத்தில் கட்டைவிரல் என்று அழைக்கப்படும் பகுதியில், மான் வேட்டைக்காரர் ஒருவர் மரத்தில் கட்டிவைத்த கேமராவில் அந்தக் குட்டி வண்டியின் பின்பக்கம் பாதி விழுந்திருந்தது.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் பதினோரு நாள். இன்று புதன்கிழமை.

"வண்டி இங்கதான் ஓடுது," என்றாள் வாண்டா. "பறந்து போகலை. ஓடற வண்டி குடிக்கணும். எங்க குடிக்குது?"

"எல்லா பங்க்லயும் அதோட மூஞ்சி ஒட்டியிருக்கு பாஸ். நானா இருந்தா பட்டினி போட்டு ஓட்டுவேன்."

வாண்டா போனை எடுத்தாள். எல்வுட் ஹாஸ்கினின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டாள். ட்ரெஸ்காட்டில் முப்பத்தோரு வருடம் மைலேஜ் விதிகளைக் கவனித்துக்கொண்ட மனிதர். ஜூலையில் ஓய்வு பெற்றிருந்தார். வண்டியைப் பற்றித் தொழில்நுட்பச் சந்தேகம் வந்தால் இவரைக் கேளுங்கள் என்று எண்ணைக் கொடுத்தது ஹூக்ஸ்ட்ராதான். இது மூன்றாவது போன்.

"சொல்லுங்க மிஸ் கோவால்." நிதானமான குரல்.

"ரென் எவ்வளவு குடிக்கும் சார்?"

"டேங்க் பன்னிரண்டு கேலன். சோதனையில கேலனுக்கு முப்பத்து நாலு மைல். சரளைக்கல் ரோட்டுல நிறுத்தி நிறுத்தி ஓட்டினா இருபத்தெட்டு."

இங்கே எல்லா ரோடும் சரளைக்கல்தான். வாண்டா இருபத்தெட்டு என்று எழுதி வட்டம் போட்டாள்.

க்ளியான் போன் பக்கம் குனிந்தான். "சார், நான் ஓட்டறது உங்க கம்பெனியோட பெரிய பிக்கப், மாஸ்டிஃப். அது பதினஞ்சு கொடுத்தாலே நான் கேக் வெட்டிக் கொண்டாடுவேன். முப்பத்து நாலு கொடுக்கற வண்டியை ஏன் சார் நசுக்கினாங்க?"

"மைலேஜ் பத்தலைன்னு."

"என்னது?"

"நாலு சக்கரமும் தரையில நிக்கற இடத்தைக் கோடு போட்டு இணைச்சா ஒரு செவ்வகம் வரும் இல்லையா? அந்தப் பரப்பை வச்சுதான் அரசாங்கம் இலக்கு வைக்குது. பரப்பு பெருசா இருந்தா இலக்கு குறைவு. சின்னதா இருந்தா அதிகம். வருஷா வருஷம் ஏறும் வேற. இன்னும் சில வருஷத்துல ரென்கிட்ட முப்பத்தொன்பது கேப்பாங்க. உங்க மாஸ்டிஃப்கிட்ட இருபத்தஞ்சு கேட்டாப் போதும், சோதனைத் தடத்துல அது அதைத் தொட்டுடும். எல்லா வண்டியையும் சேர்த்துச் சராசரி போடும்போது, சின்னது நம்மளைக் கீழ இழுக்கும்."

"அப்போ குண்டுப் பையன் ரெண்டு தண்டால் எடுத்தாலே பாஸாயிடுவான். ஒல்லிப் பையன் நாப்பது எடுத்தும் ஃபெயில்."

"நல்லாத்தான் சொல்றீங்க. நான் அதையே இருபத்தாறு பக்கத்துல எழுதினேன்," என்றார் ஹாஸ்கின். போனை வைத்துவிட்டார்.

---

சமீர் கர்மோவின் பெட்ரோல் பங்க் இரண்டு சரளைக்கல் ரோடுகள் சந்திக்கும் மூலையில் இருந்தது. உள்ளே பீட்சா, உப்புக்கண்டம், வேட்டைத் துப்பாக்கிக்குக் குண்டு, ஓரமாக சமீரின் மனைவி செய்த இராக்கிய ஊறுகாய். கண்ணாடியில் ரென்னின் நோட்டீஸ் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

"நான் பார்க்கலை," என்றார் சமீர், கேட்பதற்கு முன்பே. "போன வாரமே சொல்லிட்டேன்."

"வண்டியைப் பத்தி நான் கேக்கவே இல்லை," என்றாள் வாண்டா. "கேன்ல பெட்ரோல் வாங்கறது யாரு?"

"கேன்லயா? கோடையில எல்லாரும் வாங்குவாங்க, புல் வெட்டற மெஷினுக்கு. இப்ப அக்டோபர். யாரும் இல்லை." சற்று யோசித்து, முகத்தைச் சுளித்தார். "மேவிஸ் மட்டும்."

"யார் மேவிஸ்?"

"மேவிஸ் ட்ராக்ஸ்லர். தபால்காரம்மா. என் வயித்தெரிச்சலைக் கேளுங்க. பதினஞ்சு வருஷமா மூணு நாளைக்கு ஒரு தடவை வந்து இருபத்து நாலு கேலன் போடுவா. இங்க தபால்காரங்க சொந்த வண்டியிலதான் சுத்தணும், பெரிய டிரக் அவளோடது. இப்ப கோடையிலேருந்து வண்டியையே கொண்டு வர்றதில்லை. புருஷனோட பழைய காருல ரெண்டு சிவப்பு கேனைத் தூக்கிட்டு வரா. மூணு நாளைக்கு ஒன்பதரை கேலன். அவ்வளவுதான். மீதியை வேற எங்கயோ போடறா. நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டேன், பதில் இல்லை."

"உங்களுக்குத் தபால் அவங்கதானே கொண்டு வரணும்? வண்டியைப் பார்த்திருப்பீங்களே."

"கடைத் தபால் ஊருக்குள்ள தபால் ஆபீஸ் பெட்டிக்கு வரும். நான் போய் எடுத்துக்குவேன்."

"அவங்க ஒரு நாளைக்கு எத்தனை மைல் போவாங்க?"

"எண்பத்தெட்டு. நானூத்திப் பன்னிரண்டு பெட்டி. பார்க்கறவங்ககிட்டல்லாம் சொல்லிப் புலம்புவா."

வாண்டா கண்ணாடியிலிருந்து நோட்டீஸை உரித்து, அதன் முதுகில் கணக்குப் போட்டாள். எண்பத்தெட்டை மூன்றால் பெருக்கினால் இருநூற்று அறுபத்து நாலு. ஒன்பதரையால் வகுத்தாள்.

க்ளியான் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தான். "இருபத்தேழு புள்ளி எட்டு. பாஸ், அந்தம்மா வேற எங்கயும் பெட்ரோல் போடலை."

"போடத் தேவையே இல்லை," என்றாள் வாண்டா.

சமீர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதையோ உளறிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏய், அவ நல்லவ," என்றார் மெதுவாக.

---

கிழக்கே போகும் ரோட்டில் வரிசையாக ஆறு தபால் பெட்டிகள் நின்ற இடத்தில் காத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் அறுவடைக்கு நின்ற, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல். ஒன்றரை மணிக்குத் தூசி கிளப்பாமல் ஒரு வண்டி வந்தது.

பச்சைப் பெயின்ட் கையால் அடித்தது. பின்னால் ஒட்டுப்பலகையில் கூண்டு, மேலே மஞ்சள் விளக்கு. ஆனால் அந்த உடம்பை மறைக்க முடியாது. க்ளியானின் மாஸ்டிஃப் பக்கத்தில் அது நின்றபோது, கேரேஜுக்குள் விட்டுவிட்டு மறந்துபோகும் சாமான் மாதிரி இருந்தது.

உள்ளே ஐந்தடி உயரத்தில் ஒரு பெண், அறுபதை நெருங்கும் வயது. ஸ்டியரிங் இடது பக்கம், தபால் பெட்டிகள் வலது பக்கம் என்பதால் பெஞ்சு சீட்டின் நடுவில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது காலால் பெடலை மிதித்து, வலது கையால் ஜன்னல் வழியாகப் பெட்டிக்குள் தபாலைச் செருகிக்கொண்டிருந்தாள்.

வாண்டா குறுக்கே போய் நின்றாள். "மிஸஸ் ட்ராக்ஸ்லர், இது திருட்டு வண்டின்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேவிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தபால் திருட்டுத் தபால் இல்லையே. இன்னும் நூத்தி முப்பது பெட்டி இருக்கு. முடிச்சுட்டுப் பேசறேன். பின்னாடியே வாங்க, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்."

பெட்டியில் தபாலைப் போட்டு, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கொடியை இறக்கிவிட்டு, கிளம்பிவிட்டாள்.

"நம்மளைக் கைதி மாதிரி கூட்டிட்டுப் போறாங்க பாஸ்," என்றான் க்ளியான்.

அடுத்த இரண்டு மணி நேரம் வாண்டாவின் வாழ்க்கையில் மறக்க முடியாதது. குட்டி வண்டி ஒவ்வொரு பெட்டியிலும் நின்றது. பெரிய வண்டியும் நின்றது. குட்டி வண்டி நகர்ந்தது. பெரிய வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது. க்ளியானின் பெட்ரோல் முள் கண்ணெதிரே சாய்ந்தது. மோசமானது அதுவல்ல. வீடு வீடாக ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பதினோரு நாளாக 'பார்க்கலையே' என்று சொன்ன அத்தனை பேரும். பள்ளிக்கூட பஸ் டிரைவர், மாட்டுப் பண்ணை அண்ணன் தம்பிகள், "குட்டி டிரக்னா என்னன்னே தெரியாதே" என்ற பாதிரியார். காலையில் கண் தெரியாதவர் வாசலில் நின்று, முன்னூறு அடி தூரத்திலிருந்தே மேவிஸுக்குக் கையாட்டினார். பின்னால் வந்த வாண்டாவைப் பார்த்ததும் கையை இறக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"கண் குணமாயிடுச்சு," என்றான் க்ளியான்.

"வாயை மூடு."

"நானூத்திப் பன்னிரண்டு வீடு பாஸ். ஒரு போன்கூட வரலை. எங்க சர்ச்சுல ஒன்பது பேர் சேர்ந்து ஒரு பிறந்தநாள் பார்ட்டியை ரகசியமா வைக்க முடியலை."

வாண்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்னிடம் ஒருவர் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடலாம். ஊரே ஒரே பொய்யைச் சொன்னால் அது காற்று மாதிரி, கையில் அகப்படாது.

---

மேவிஸின் வீட்டு முற்றத்தில் வண்டிகள் நின்றன.

"யார்கிட்ட வாங்கினீங்க?" என்றாள் வாண்டா.

"சொல்ல மாட்டேன்."

"ஜெயிலுக்குப் போவீங்க. வேலை போகும். பென்ஷன் போகும்."

"அதுவும் தெரியும். ஆனா திருடலை. என் வண்டியைக் கொடுத்தேன், இதை வாங்கிக்கிட்டேன்."

வாண்டாவுக்கு எடைச்சீட்டு ஞாபகம் வந்தது. "ஐயாயிரத்து நானூத்தி இருபது பவுண்டு."

"என்னோட மாஸ்டிஃப். நசுக்கினா சரின்னு நான்தான் சொன்னேன்."

"நல்ல வண்டியை ஏம்மா?" க்ளியானுக்கு உண்மையிலேயே வலித்தது.

மேவிஸ் அவனுடைய பிக்கப்பைக் காட்டினாள். "உன்னோடதும் அதேதானே தம்பி. ஏறி உட்காரு. இன்ஜினை ஆன் பண்ண வேண்டாம். நான் முன்னாடி நிக்கறேன். தெரிஞ்சா ஹாரன் அடி."

க்ளியான் ஏறி உட்கார்ந்தான். மேவிஸ் வண்டியின் மூக்குக்கு முன்னால் போய் நின்றாள். ஹாரன் ஒலித்தது.

"என்ன தெரியுது?"

"தலைமுடி."

மேவிஸ் குனிந்து, தரையில் விழுந்த திருகாணியைத் தேடுகிறவள் போல ஒரு முழங்காலை ஊன்றினாள். முற்றம் அமைதியாக இருந்தது. வாண்டா காத்திருந்தாள். ஹாரன் வரவில்லை. க்ளியான் சீட்டில் எழும்பி, கழுத்தை நீட்டி, இடது பக்கம் சாய்ந்து, வலது பக்கம் சாய்ந்து பார்ப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஹாரன் வரவே இல்லை.

"நீ ஆறடிக்கு மேல," என்றாள் மேவிஸ், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு. "நான் அஞ்சடி. ஏப்ரல் மாசம் ஒருத்தர் தன் தபால் பெட்டிக் கம்பத்தைச் சரி பண்ணிக்கிட்டிருந்தார். தபாலைக் கையில கொடுத்தேன். ஏதோ சொன்னார், சிரிச்சேன். அவர் நகர்ந்துட்டார்னு நினைச்சேன். கீழ விழுந்த ஆணியை எடுக்க முன்னாடி குனிஞ்சிருக்கார்." அவள் கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள். "முதல்ல கம்பத்துலதான் இடிச்சுட்டேன்னு நினைச்சேன். இடது கால் போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அந்த வண்டியில ஏறும்போதெல்லாம் வாந்தி. ஒவ்வொரு பெட்டியிலயும் இறங்கிப் போய் முன்னாடி பார்த்துட்டு வந்து ஏறுவேன். நானூத்திப் பன்னிரண்டு தடவை. சின்ன வண்டி வாங்கலாம்னு நாலு ஷோரூம் ஏறி இறங்கினேன். அப்படி ஒண்ணு இப்ப யாரும் செய்யறதே இல்லைம்மான்னுட்டாங்க."

க்ளியான் பிக்கப்பிலிருந்து இறங்கினான்.

வாண்டா ரென்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டயர் பள்ளங்களில் சரளைப் பொடி அப்பியிருந்தது. இந்த வண்டி காணாமல் போகும்வரை ட்ரெஸ்காட்டின் சோதனைத் தடத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை. அந்தத் தடத்தை அவள் பார்த்திருக்கிறாள். கண்ணாடி மாதிரி வழவழவென்று காங்க்ரீட் வளையம். அதில் ஒரு கூழாங்கல் கிடையாது.

"க்ளியான்," என்றாள். "சரளைக்கல் ரோட்டுல நிறுத்தி நிறுத்தி ஓட்டினா எவ்வளவு கொடுக்கும்?"

"இருபத்தெட்டு. ஹாஸ்கின்தான் சொன்னாரே."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

மேவிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே போதுமானதாக இருந்தது.

"பெட்ரோல் கணக்கை அவருக்கு எழுதித் தரீங்களா?" என்றாள் வாண்டா.

"வாரா வாரம்," என்றாள் மேவிஸ், தரையைப் பார்த்து. "அவருக்கு அது பிடிக்கும்."

---

மேவிஸின் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவருடையது. எல்வுட் ஹாஸ்கின் ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

"மூணு தடவை போன் பண்ணினேன் சார்," என்றாள் வாண்டா. பதினோரு நாள் எரிச்சலும் அந்தக் குரலில் இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லலை."

"வண்டியைப் பத்திக் கேட்டீங்க, சொன்னேன். என்னைப் பத்திக் கேக்கலை." அவர் ஒதுங்கி வழிவிட்டார். "இருபத்தெட்டா?"

"இருபத்தெட்டுதான்."

"பொய்யா ஒரு நம்பர் சொல்லியிருக்கலாம். முப்பத்தோரு வருஷப் பழக்கம், வாய் வரலை."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். ஹாஸ்கின் ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"ரென் வேண்டாம்னு அறிக்கை எழுதினது நான். தப்பான கணக்கு இல்லை. விதிப்படி சரியான கணக்கு. அதே வாரம் மாஸ்டிஃபை ரெண்டு அங்குலம் அகலமாக்கி, அஞ்சு அங்குலம் நீட்டினோம். இன்ஜினைத் தொடவே இல்லை. ஒரு சொட்டு பெட்ரோல் மிச்சமாகலை. இலக்கு இறங்கிச்சு, பாஸாயிடுச்சு. உடம்பு பெருத்ததும் முன்பக்க மூஞ்சி சின்னதாத் தெரியுதுன்னு டிசைன் ஆளுங்க அதையும் மேல தூக்கினாங்க. எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு." தன் காலைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில மேவிஸ் தினம் வந்து அழுதா. என் தப்பு, என் தப்புன்னு. அவ தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும். எத்தனை அங்குலம்னுகூடத் தெரியும்."

"வண்டியை எப்படி வெளிய கொண்டு வந்தீங்க?" என்றான் க்ளியான். "இந்தக் காலோட வேலி தாண்டினீங்களா?"

"கடைசி ரெண்டு வாரம் ஆபீஸுக்குப் போய் ஃபைலெல்லாம் முடிச்சுக் கொடுத்தேன். நசுக்கற ஃபாரம் மூணு என் மேஜையில இருந்தது. மூணாவதுல மேவிஸோட வண்டி நம்பரை எழுதினேன். ரென்னை அனுப்பற விலாசமா அவ வீட்டைப் போட்டேன். லாரி வந்து ஒண்ணை இறக்கி, ஒண்ணை ஏத்திட்டுப் போச்சு. எல்லாரும் கையெழுத்தைப் பார்த்தாங்க. யாரும் வண்டியைப் பார்க்கலை. என் வாழ்க்கையில நான் எழுதின ஒரே பொய் நம்பர் அதுதான்."

நகலை மேஜையில் வைத்தார். வாண்டா குனிந்து பார்த்தாள். ஹாஸ்கினின் கையெழுத்துக்குக் கீழே, ஒப்புதல் கட்டத்தில் இன்னொரு கையெழுத்து. சாய்வாக, அவசரமாக.

கெர்ரிட் ஹூக்ஸ்ட்ரா.

"நம்ம கட்சிக்காரர்," என்றான் க்ளியான். "தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு, திருடனைக் கண்டுபிடின்னு நம்மளை அனுப்பியிருக்கார்."

வாண்டா அங்கேயே உட்கார்ந்து ஹூக்ஸ்ட்ராவுக்குப் போன் போட்டாள். வண்டி கிடைத்துவிட்டது என்றாள். காகிதமும் கிடைத்துவிட்டது என்றாள்.

"போலீஸ் புகார் கிடையாது," என்றாள் வாண்டா. "யார் மேலயும். இல்லைன்னா இந்த நகல் பத்திரிகைக்குப் போகும். முப்பத்து நாலு மைல் கொடுக்கற வண்டியை ஏன் நசுக்கினீங்கன்னு அவங்க கேப்பாங்க, நீங்க பதில் சொல்லிக்குங்க."

"சரி," என்றார் ஹூக்ஸ்ட்ரா. "ஆனா வண்டி வேணும்."

"விட்டுடுங்களேன். நான் கண்டுபிடிக்கலைன்னு எழுதித் தரேன்."

"மிஸ் கோவால், பதிவே ஆகாத வண்டி அது. ஏர்பேக் சோதனைகூட முடியலை. நாளைக்கு அந்தம்மா ஒரு மரத்துல மோதினா யார் பொறுப்பு? நீங்களா?"

வாண்டா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"அவன் சொல்றது சரி," என்றார் ஹாஸ்கின். "இதுல ஒவ்வொருத்தனும் சொல்றது சரியாத்தான் இருக்கு. முதல் நாள்லேருந்து."

---

வெள்ளிக்கிழமை காலை ரென் நசுங்கியது. சாட்சிக் கட்டத்தில் வாண்டா கையெழுத்துப் போட்டாள். எடைச்சீட்டில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. ஒட்டுப்பலகைக் கூண்டை மேவிஸ் முன்பே கழற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். "கணக்கு டேலி ஆயிடுச்சு," என்று க்ளியான் சொன்னான். அவன் சொன்னதிலேயே மட்டமான ஜோக் அது என்று அவனுக்கே தெரிந்தது.

பத்து நாள் கழித்து, வழக்கு மூடப்பட்டதாக ஹூக்ஸ்ட்ரா எழுதிய கடிதத்தின் நகலைக் கொடுக்க இருவரும் ஹாஸ்கின் வீட்டுக்குப் போனார்கள். அவர் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். அப்போது ரோட்டில் கனமான இன்ஜின் சத்தம் கேட்டது.

"மாஸ்டிஃப்," என்றான் க்ளியான், திரும்பிப் பார்க்காமலே.

"பழசு ஒண்ணு கிடைச்சிருக்கு. வேற என்ன கிடைக்கும்," என்றார் ஹாஸ்கின். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே அந்தப் பெரிய வண்டி தபால் பெட்டியருகே நின்றது. டாஷ்போர்டுக்கு மேலே மேவிஸின் நெற்றி மட்டும் தெரிந்தது. பெட்டிக்குள் தபாலைப் போட்டாள். பெட்டியின் கதவை மூடினாள். ஆனால் நகரவில்லை. இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, காலை பிரேக்கில் வைத்தபடி காத்திருந்தாள்.

ஹாஸ்கின் ஒரு காலும் ஒரு கோலுமாக அறையைக் கடந்து ஜன்னலுக்குப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரையை விலக்கினார். தான் வீட்டுக்குள்தான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்படி கையை உயர்த்திக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் வண்டி நகர்ந்தது.